ஈஸ்ட் ரிவரில் நான்கு அருவிகள்: 2008 கோடையில் கருகிய இலைகள் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

2008 ஜூன் 26 முதல் அக்டோபர் 13 வரை நியூயார்க் துறைமுகப் பகுதியில் நான்கு செயற்கை அருவிகள் ஓடின. அவற்றை வடிவமைத்தவர் டென்மார்க்-ஐஸ்லாந்துக் கலைஞரான ஒலாஃபுர் எலியாசன். பப்ளிக் ஆர்ட் ஃபண்ட் என்ற லாப நோக்கில்லாத அமைப்பு, நகர நிர்வாகத்தோடு சேர்ந்து இதை நடத்தியது. செலவு 1 கோடியே 55 லட்சம் டாலர். பெரும்பகுதி தனியாரிடம் திரட்டிய பணம். 2005 பிப்ரவரியில் சென்ட்ரல் பார்க்கில் 7,503 ஆரஞ்சுத் திரை வாயில்கள் வைக்கப்பட்ட பிறகு, அந்த நகரம் பொதுவெளியில் எடுத்த பெரிய கலைமுயற்சி இதுதான்.

கோடை முடிவதற்குள் கரையோர மரங்களின் இலைகள் பழுப்பேறின. செப்டம்பரில் அருவிகள் ஓடும் நேரம் பாதியாகக் குறைக்கப்பட்டது. நீரையோ மேகத்தையோ வைத்துத் திறந்தவெளியில் சிற்பம் செய்ய நினைக்கிற யாருக்கும் இதில் எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு விவரமாகப் பதிவு செய்கிறேன். கலைஞர் பெயர் ஊரறிந்தது. உணவக உரிமையாளர், குடியிருப்பாளர்கள், அதிகாரிகள் ஆகியோரை அவரவர் நின்ற இடத்தைச் சொல்லியே குறிப்பிடுகிறேன்.

எலியாசனுக்கு நீரும் மூடுபனியும் புதிதில்லை. 1993இல் ஓர் இருட்டறையில் மெல்லிய தூறலை விழவிட்டு, அதன்மேல் ஒரு விளக்கைப் பாய்ச்சினார். பார்ப்பவர் சரியான இடத்தில் நின்றால் வானவில் தெரியும், ஓரடி நகர்ந்தால் போய்விடும். 2003இல் லண்டனின் டேட் மாடர்ன் கலைக்கூடத்தில் உள்ள பிரம்மாண்டமான டர்பைன் கூடத்தில் மஞ்சள் விளக்குகளால் ஒரு சூரியனை உண்டாக்கினார். கூரை முழுக்கக் கண்ணாடி, நடுவே மெல்லிய பனிமூட்டம். 20 லட்சத்துக்கும் அதிகமானோர் வந்தார்கள். இயந்திரத்தை ஒளிக்காமல் காட்டுவது அவருடைய வழக்கம். விளக்கின் முதுகுப்பக்கம், குழாய், பம்பு எல்லாம் பார்வையாளர் கண்ணில் படும்.

இந்த இரண்டு வேலையும் நான்கு சுவருக்குள் நடந்தவை என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளலாம். அறைக்குள் தூறல் சொன்ன இடத்தில் விழும்.

இடமும் நீரும்

ஈஸ்ட் ரிவர் பெயரில்தான் ஆறு. மன்ஹாட்டனுக்கும் புரூக்ளினுக்கும் நடுவே, நியூயார்க் மேல் விரிகுடாவையும் லாங் ஐலண்ட் சவுண்ட் என்ற கடற்பகுதியையும் இணைக்கிற சுமார் 26 கிலோமீட்டர் நீளமுள்ள ஜலசந்தி அது. மலையில் பிறந்து கடலில் சேரும் ஓட்டம் அதற்குக் கிடையாது. அலையேற்றத்தில் ஒரு பக்கம் ஓடும், வற்றும்போது மறுபக்கம் ஓடும். நீர் உப்பு நீர். திறந்த கடலைவிடக் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான்.

அந்த உப்பும் வருடம் முழுக்க ஒரே அளவில் இருப்பதில்லை. வசந்தத்தில் பனி உருகி ஹட்சன் ஆற்றில் நன்னீர் நிறைய வரும், துறைமுக நீர் கொஞ்சம் நீர்த்துப்போகும். கோடை முற்றும்போது ஆற்று வரத்து குறையும், கடல்நீர் உள்ளே ஏறும், உப்பு கூடும். அதாவது மரங்கள் முழு இலையோடு நிற்கும் மாதங்களும், நீர் உப்பேறும் மாதங்களும், சுற்றுலாப் பயணிகள் குவியும் மாதங்களும் ஏறக்குறைய ஒன்றே. கண்காட்சிக்குத் தேர்ந்த காலமும் அதுதான்.

நான்கு இடங்கள்: புரூக்ளின் பாலத்தின் புரூக்ளின் பக்கக் கோபுரத்தடி, அதற்குச் சற்றுத் தெற்கே 4ஆம், 5ஆம் படகுத்துறைகளுக்கு நடுவே, மன்ஹாட்டன் பாலத்துக்கு வடக்கே 35ஆம் படகுத்துறை, கவர்னர்ஸ் தீவின் வடகரை. உயரம் 90 முதல் 120 அடி. இவற்றில் முதல் இரண்டும் புரூக்ளின் கரையை ஒட்டியவை. பாலத்தடியில் 1977 முதல் இயங்கும் ஓர் உணவகம் உண்டு, அதன் வாசல் தோட்டமும் மரங்களும் ஊரில் பேர்போனவை. படகுத்துறைகளுக்குப் பின்னால் மேட்டில் புரூக்ளின் ஹைட்ஸ் நடைபாதை. நெடுஞ்சாலைக்கு மேல் கட்டி 1950இல் திறந்தது. மன்ஹாட்டன் கட்டடங்களைப் பார்ப்பதற்கென்றே ஆட்கள் அங்கு வந்து உட்காருவார்கள். மரங்கள் வரிசையாக நிற்கும்.

திட்டமிட்டபோது கவனித்தவை

2008 ஜனவரியில் திட்டம் அறிவிக்கப்பட்டது. அப்போது அதிகம் பேசப்பட்டது மீன்களைப் பற்றி. பம்பு நீரை இழுக்கும்போது மீனும் குஞ்சும் முட்டையும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும். அதைத் தடுக்க ஆற்றுக்குள்ளேயே வலைத்தொட்டிகளைத் தொங்கவிட்டு, அதற்குள் வடிந்து வரும் நீரை மட்டும் பம்பு எடுக்கும்படி அமைத்தார்கள். நல்ல ஏற்பாடு. இரவுக்கு எல்.இ.டி. விளக்குகள். புதுப்பிக்கத்தக்க வழிகளில் எடுத்த மின்சாரத்தில் ஓடும் என்றும் சொன்னார்கள்.

அருவியைத் தாங்கியது கட்டட வேலைக்குப் போடும் சாதாரணச் சாரம். நியூயார்க்கில் எந்தத் தெருவுக்குப் போனாலும் ஏதோ ஒரு கட்டடம் சாரத்துக்குள் நிற்கும், அந்தக் காட்சியையே அருவிக்கு உடலாக்கினார் கலைஞர். பாறை போலப் பூசி மறைக்கவில்லை. கம்பிக்கூட்டுக்கு நடுவே வானம் தெரியும், உச்சியிலிருந்து நீர் கொட்டும். எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்தது இந்தத் தேர்வுதான். ஆனால் பின்னால் நடந்ததற்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்று நினைக்கிறேன், கீழே சொல்கிறேன்.

நான்குக்கும் சேர்த்து நிமிடத்துக்கு 35,000 கேலன், அதாவது சுமார் 1,32,000 லிட்டர் நீரைப் பம்புகள் மேலே ஏற்றின. காலை 7 மணிக்குத் தொடங்கி இரவு 10 வரை, செவ்வாயும் வியாழனும் மட்டும் காலை 9 மணிக்குத் தொடக்கம். வாரத்துக்கு 101 மணி நேரம்.

முதல் வாரங்கள்

திறந்ததும் கூட்டம் வந்தது. படகிலிருந்து, பாலத்திலிருந்து, கரையோரப் பெஞ்சுகளிலிருந்து பார்த்தார்கள். தொலைவிலிருந்து பார்க்க அருவி மெலிந்து தெரிகிறது என்று சில விமரிசகர்கள் முகம் சுளித்தார்கள். காற்றடிக்கும் நாளில் நீர்த்திரை கிழிந்து ஒரு பக்கமாகப் புகைபோல இழுபட்டது. பார்க்க அழகான காட்சிதான். அந்தப் புகை போய் இறங்கிய இடத்தில் இருந்தவர்களுக்கு வேறு மாதிரி இருந்தது.

குற்றாலத்தில் அருவிக்கு நூறடி தள்ளி நின்றாலும் முகத்தில் சாரல் படும், அதற்காகவே போகிறோம். அங்கே விழுவது மலைநீர், காய்ந்தால் ஒன்றும் மிஞ்சாது. இங்கே காய்ந்த பிறகு உப்பு மிஞ்சியது.

கவனத்துக்கு வந்தது

கோடை நடுவில் பாலத்தடி உணவகத்தின் மரங்களிலும் செடிகளிலும் இலை ஓரங்கள் பழுப்பாவது தெரிந்தது. பிறகு இலைகள் சுருண்டன, உதிரத் தொடங்கின. இலையுதிர் காலத்துக்கு இன்னும் வாரங்கள் பல இருந்தன. உணவக உரிமையாளர் வெளிப்படையாகப் புகார் சொன்னார். நடைபாதைப் பக்கமிருந்தும் குடியிருப்பாளர்கள் அதையே சொன்னார்கள். ஆகஸ்டில் செய்தித்தாள்களில் வந்தது.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று: முதலில் கண்டுபிடித்தது எந்தக் கருவியும் அல்ல, பக்கத்து வீட்டுக்காரர்கள். தினமும் அதே மரத்தின்கீழ் நடந்துபோகிறவருக்கு இலையின் நிறம் மாறுவது தெரியும். உணவகத்துக்குத் தோட்டம்தான் முகப்பு, அங்கே ஒரு செடி வாடினாலும் கேட்க ஆள் உண்டு. மன்ஹாட்டன் பக்கம் 35ஆம் படகுத்துறையை ஒட்டி அப்படிக் காத்துக் கிடக்கிற தோட்டக்காரர் இருந்திருந்தால் அங்கிருந்தும் புகார் வந்திருக்குமோ என்னவோ.

இலை கருகியது எப்படி

முப்பது மீட்டர் உயரத்திலிருந்து விழும் மெல்லிய நீர்த்திரை கீழே வரும்வரை திரையாக இருப்பதில்லை. வேகம் கூடக்கூடக் காற்றின் உரசலில் கிழிந்து துளியாகிறது, பெரிய துளி இன்னும் சிறிய துளியாகிறது. பெரிய துளிகள் நேராக ஆற்றில் விழுந்துவிடும். சிக்கல் சிறியவற்றில்தான். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள துளி நொடிக்குக் கால் மீட்டர் சொச்சம் வேகத்தில்தான் கீழிறங்கும். முப்பது மீட்டர் இறங்க அதற்கு இரண்டு நிமிடம் பிடிக்கும். நொடிக்கு ஐந்து மீட்டர் வேகத்தில் சாதாரணமாகக் காற்றடித்தால் அதற்குள் அரை கிலோமீட்டர் தள்ளிப் போய்விடும். போகிற வழியில் நீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும், உப்பு ஆவியாகாது. கிளம்பும்போது ஆற்றுநீராக இருந்தது இலைமேல் உட்காரும்போது அதைவிடக் கெட்டியான உப்புக்கரைசல்.

அளவு எவ்வளவு இருக்கும் என்று ஒரு தோராயக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு நாளைக்குப் பதினைந்து மணி நேரம் ஓடினால் நான்கு அருவிகளிலும் சேர்த்து ஏறி இறங்கும் நீர் சுமார் 12 கோடி லிட்டர். அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு மட்டும் சாரலாகக் கரைக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 25 கிராம் உப்பு என்று எடுத்தால் ஒரு நாளைக்கு மூன்று டன். இது அளந்து சொன்னதல்ல, என் கணக்கு. பத்தாயிரத்தில் ஒரு பங்கு என்றாலும் 300 கிலோ வருகிறது. அது தினமும், ஒரே சில இடங்களைச் சுற்றி, மாதக்கணக்கில் இறங்குகிறது. நீரின் அளவு பெரிதாக இருக்கும்போது மிகச் சிறிய கசிவும் சிறிதாக இருப்பதில்லை என்பதற்காகத்தான் இந்தக் கணக்கு.

காற்றுக்கு வருவோம். அந்த ஊரில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசும், கோடையில் தெற்கும் தென்மேற்கும் கலந்து வரும். புரூக்ளின் கிழக்குக் கரை. மேற்குக் காற்றுக்கு எதிரே நிற்பது அந்தக் கரைதான்.

சாரத்தைப் பற்றி மேலே நிறுத்தியிருந்தேன். இயற்கை அருவிக்குப் பின்னால் பாறைச்சுவர் இருக்கும். நீர் அதை ஒட்டியே வழியும், ஒரு பக்கக் காற்றைப் பாறை தடுத்துவிடும். சாரத்தில் பின்சுவர் இல்லை. காற்று முன்னும் பின்னும் தடையின்றிப் புகுந்து போகும், நீர்த்திரை நடுவில் தனியாகத் தொங்கும். காட்சியை நேர்மையாக வைத்த அதே திறந்த அமைப்பு காற்றுக்கும் வழிவிட்டது. இது என் கணிப்பு. ஆனால் இப்படிப்பட்ட வேலையை வரைபடத்தில் பார்க்கும்போது கேட்க வேண்டிய கேள்வி என்றே நினைக்கிறேன்.

இலையில் என்ன நடக்கிறது? உப்புப் படிந்த இலைப்பரப்பு திசுவிலிருந்து நீரை வெளியே இழுக்கிறது. சோடியமும் குளோரைடும் இலைக்குள் புகுந்து, நீரோட்டத்தோடு போய், இலையின் நுனியிலும் ஓரத்திலும் சேர்கின்றன. அதனால்தான் கருகல் ஓரத்தில் தொடங்கி உள்ளே நகர்கிறது. நல்ல மழை பெய்தால் இலை கழுவப்படும். மழை தள்ளிப்போகிற ஒவ்வொரு நாளும் படிவு கூடும். மரத்தடியில் விழுகிற உப்பு மண்ணில் தங்கி, வேர் நீரை உறிஞ்சுவதைச் சிரமமாக்குகிறது. களிமண்ணாக இருந்தால் சோடியம் மண்ணின் கட்டமைப்பையே குலைத்துவிடும், நீர் இறங்காது. கடலோரத்தில் தானாக வளர்ந்த மரமாக இருந்தால் உப்புக்காற்றுக்கு ஓரளவு தாங்கும். நகரத்தின் அலங்கார மரங்களை நட்டவர்கள் அதை நினைத்து நடவில்லை.

எடுத்த முடிவுகள்

புகார் வந்தபோது நடத்துபவர்கள் முன்னால் இருந்த வழிகளை நினைத்துப் பார்க்கலாம். கரைப்பக்க அருவிகளை அடியோடு நிறுத்தலாம். நீரின் அளவைக் குறைக்கலாம். காற்று பலக்கும்போது மட்டும் நிறுத்தலாம். நேரத்தைக் குறைக்கலாம். எதையும் மாற்றாமல் மரங்களைக் கழுவிக்கொண்டே இருக்கலாம்.

முதலில் செய்தது கழுவுவது. இலைகளில் நன்னீர் அடித்தார்கள், மரத்தடி மண்ணிலும் நன்னீர் விட்டு உப்பைக் கீழே இறக்கினார்கள். உப்புக்கு இதைவிட நேரடியான மருந்து இல்லை. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கத்து வயல்களிலும் வேலை இதே திசையில்தான் நடந்தது. ஜிப்சம் போட்டு, நல்ல தண்ணீரைத் தேக்கி வடித்து, மழையையும் எதிர்பார்த்து, உப்பை வேருக்குக் கீழே தள்ளினார்கள். ஆனால் அங்கே கடல் ஒரு நாள் வந்து போய்விட்டது. இங்கே கழுவிய மறுநாள் காலை பம்பு மறுபடி ஓடத் தொடங்கும். மூலத்தை அப்படியே விட்டுக் கழுவுவதில் முடிவே இல்லை.

அடுத்து, செப்டம்பர் தொடக்கத்தில், நேரக் குறைப்பு. வாரத்துக்கு 101 மணி நேரம் என்பது சுமார் 50 மணி நேரமானது. இது நடுவழி முடிவு. அறிவித்த கடைசித் தேதி அப்படியே இருந்தது, விளக்கோடு பார்க்கும் மாலைக்காட்சி இருந்தது, ஊர் சுற்ற வருகிறவர்களுக்குச் சொன்ன வாக்கும் கெடவில்லை. மரத்துக்குப் போகும் உப்பும் குறைந்தது. ஒரு பொது அமைப்பு அந்த நிலையில் இப்படி முடிவெடுத்ததைப் புரிந்துகொள்ள முடிகிறது.

ஆனாலும் எனக்கு இதில் முழுத் திருப்தி இல்லை. நேரத்தைப் பாதியாக்கினால் உப்பும் பாதியாகும் என்று சொல்ல முடியாது. அது எந்த நேரம் என்பதைப் பொறுத்தது. துறைமுகங்களில் கோடைப் பிற்பகலில் கடற்காற்று வலுக்கும், விடியற்காலையில் காற்று அடங்கியிருக்கும். காற்றில்லாத ஐந்து மணி நேரத்தைவிடக் காற்றுள்ள ஒரு மணி நேரம் மரத்துக்கு அதிகம் கெடுதல் செய்யும். கடிகாரம் பிடிக்கிற வேலையைக் காற்றுமானியிடம் கொடுத்திருந்தால், நாளில் பெரும்பகுதி அருவியை ஓடவிட்டே மரங்களையும் காத்திருக்கலாம். கடிகார முடிவுக்கு வேறொரு வசதி உண்டு, அதை மறுக்கவில்லை: முன்கூட்டி அறிவிக்கலாம், வருகிறவர் ஏமாற மாட்டார்.

பிறகு நடந்தது

குறைத்த நேரத்தோடு கண்காட்சி அக்டோபர் 13 அன்று திட்டமிட்டபடி முடிந்தது, சாரங்கள் இறக்கப்பட்டன. நகர நிர்வாகம் பின்னர் வெளியிட்ட கணக்கில் 14 லட்சம் பேர் அருவிகளைப் பார்த்தார்கள், நகருக்கு வந்த பொருளாதாரப் பலன் 6 கோடியே 90 லட்சம் டாலர். முன்பு எதிர்பார்த்தது 5 கோடியே 50 லட்சம். அந்த அளவுகோலில் வெற்றிதான்.

மரங்களுக்கு அப்படி ஒரே எண்ணில் கணக்கு எழுத முடியாது. கோடையில் இலை போன மரம் அந்த ஆண்டின் உணவுச் சேமிப்பை இழக்கிறது. அடுத்த வசந்தத்துக்கான மொட்டு முந்தைய கோடையிலேயே உருவாகிவிடுவதால், மரம் பெரும்பாலும் மறுபடி தளிர்க்கும், ஆனால் பலம் குறைந்திருக்கும். பாதிப்பின் முழு அளவு தெரிய இரண்டு மூன்று பருவம் வேண்டும். கண்காட்சி அமைப்பாளர்களின் ஒப்பந்தங்கள் பொதுவாக அவ்வளவு காலம் நீள்வதில்லை. போதாததற்கு அக்டோபர் நடுவில் எல்லா இலையும் எப்படியும் நிறம் மாறுகிறது. எது உப்பால், எது பருவத்தால் என்று கண்ணால் பார்த்துப் பிரிப்பது அதன்பின் கடினம்.

நான்கு ஆண்டு கழித்து, 2012 அக்டோபர் 29 அன்று, சாண்டி புயல் அதே கரைக்குக் கடலையே கொண்டுவந்தது. பாலத்தடி உணவகம் மூழ்கி, 2014இல்தான் மறுபடி திறந்தது. வெள்ளம் புகுந்த தெருக்களில் லண்டன் பிளேன் மரங்களும் சிவப்பு மேப்பிள்களும் அடுத்த வசந்தத்தில் தளிர்விடத் திணறின. இதை அருவிகளோடு முடிச்சுப் போடத் தேவையில்லை. அந்தக் கரையில் உப்பு எப்போதும் ஒரு கையெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது, பம்பு வைத்தும் வரும், புயலாகவும் வரும் என்பது மட்டும் தெரிகிறது.

வேறு மாதிரி செய்தவர்கள்

இதே வகை வேலைகளில் காற்றை முதல் நாளிலிருந்தே கணக்கில் எடுத்தவை உண்டு. 1970 ஒசாக்கா உலகக் கண்காட்சியில் பெப்சி அரங்கத்தின் கூரையை ஜப்பானியக் கலைஞர் ஃபுஜிகோ நகாயா செயற்கை மூடுபனியால் போர்த்தினார். ரசாயனப் புகை வேண்டாம், சுத்தமான நீர்தான் வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். தாமஸ் மீ என்ற மேக இயற்பியல் அறிஞரோடு சேர்ந்து, உயரழுத்தத்தில் நீரை நுண்துளியாக்கும் குழல்முனைகளை உருவாக்கினார்கள். நகாயாவின் தந்தை செயற்கைப் பனிப்படிகத்தை முதன்முதலில் ஆய்வகத்தில் வளர்த்த இயற்பியலாளர். மகள் வானிலையைச் சிற்பத்தின் எதிரியாகப் பார்க்காததில் வியப்பில்லை. காற்று, ஈரப்பதம், நிலத்தின் சரிவு மூன்றையும் பார்த்த பிறகே குழல்முனைகளை எங்கே வைப்பது என்று முடிவு செய்வது அவர் வழக்கம்.

2002இல் சுவிட்சர்லாந்தின் நியூஷாட்டல் ஏரியில் எழுந்த 'பிளர்' கட்டடம் இன்னும் ஒரு படி மேலே போனது. முப்பதாயிரத்துக்கும் அதிகமான குழல்முனைகள், ஏரியிலிருந்து எடுத்து வடிகட்டிய நன்னீர், உள்ளேயே ஒரு வானிலை நிலையம். காற்றின் வேகம், திசை, வெப்பம், ஈரப்பதம் மாறும்போது கணினி நீரழுத்தத்தை மாற்றிக்கொண்டே இருந்தது. மேகம் ஒரு நாள் பெரிதாகவும் இன்னொரு நாள் இழுபட்டும் தெரியும், பார்வையாளர்கள் மழைக்கோட்டுப் போட்டு உள்ளே போனார்கள்.

எலியாசனே 2016இல் வெர்சாய் அரண்மனைத் தோட்டத்தின் பெரிய கால்வாயில் ஓர் உயரமான அருவி வைத்தார். மறுபடி திறந்த உலோகச் சட்டம்தான், மறைப்பு இல்லை. ஆனால் அது நன்னீர்க் கால்வாய், சுற்றிலும் அகலமான நீர்ப்பரப்பு. சாரல் எங்கே போனாலும் நீரில் விழும், இல்லாவிட்டால் காய்ந்துபோகும்.

மாற்ற வேண்டியவை

நியூயார்க்கில் நீரை எடுக்கும் வாய்க்கு இவ்வளவு பார்த்துச் செய்தார்கள். நீரை விடும் பக்கத்துக்கும் அதே அளவு அக்கறை வேண்டும். உப்பு நீர் என்றால் இடத்தேர்விலேயே முடிவு தொடங்கிவிடுகிறது: காற்று அடிக்கும் திசையில் ஐநூறு மீட்டருக்குள் என்ன வளர்கிறது, யார் வசிக்கிறார்கள், என்ன உலோகம் இருக்கிறது என்று ஒரு வரைபடம் போட வேண்டும். கவர்னர்ஸ் தீவு, திறந்த நீர்ப்பரப்பு போன்ற இடங்கள் அந்த வரைபடத்தில் தாமாகவே முன்னுக்கு வரும். கோபுரத்தடி என்ற இடம் காட்சிக்கு எவ்வளவு பொருத்தமோ அவ்வளவு சிக்கலானது. எனக்கு அந்த இடத்தை விடச் சொல்ல மனம் வராது. அங்கே ஓட்டும் நேரத்தைக் காற்றிடம் விட்டிருப்பேன்.

முன்னோட்டமாக ஒரே ஒரு அருவியைச் சில நாள் ஓடவிட்டு, கரையில் வெவ்வேறு தூரத்தில் வெறும் கண்ணாடித் தகடுகளை வைத்துப் பார்த்தாலே போதும். மாலையில் தகட்டைக் கழுவி, அந்த நீரின் மின்கடத்துதிறனை அளந்தால் எவ்வளவு உப்பு இறங்கியிருக்கிறது என்று தெரிந்துவிடும். கருவி விலை அதிகமில்லை, கையில் அடங்கும். கோடிக்கணக்கான டாலர் வேலையில் இது கணக்கிலேயே வராத செலவு.

திறப்பதற்கு முன்பே மரங்களைப் படமெடுத்து, மண்ணையும் இலையையும் பரிசோதித்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பிறகு வரும் எந்தப் புகாரும் 'இது முன்பே இப்படித்தான் இருந்தது' என்ற வாதத்தில் போய் நிற்கும். கண்காட்சி முடிந்த பிறகு அடுத்த இரண்டு வசந்தங்களுக்கு மரங்களைப் பார்க்கவும் கழுவவும் பணத்தை முதலிலேயே தனியாக எடுத்து வைக்க வேண்டும், கண்காட்சி முடிந்ததும் நன்கொடை கேட்டால் யாரும் தரமாட்டார்கள்.

அப்புறம், பம்பை நிறுத்தும் அதிகாரம். அது கூட்டம் போட்டு முடிவெடுக்கும் மேல்மட்டத்தில் இருந்தால் புகாருக்கும் நடவடிக்கைக்கும் நடுவே வாரங்கள் ஓடிவிடும். அன்றன்று பணியில் இருந்து பம்பை இயக்குபவர் கையில் அது இருக்க வேண்டும். காற்று இந்த வேகத்தைத் தாண்டினால், இந்தத் திசையில் வந்தால் நிறுத்தலாம் என்று எழுத்தில் கொடுத்துவிட வேண்டும். அவருடைய தொலைபேசி எண் பக்கத்துத் தோட்டக்காரரிடமும் இருக்க வேண்டும்.